பத்திரம் பத்திரம்: பாவமன்னிப்புக்கு ஒரு கையேடு

பேரிகை, பாகலூர், சூளகிரிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் கிறிஸ்தவச் சகோதரர்களுக்காக எழுதியது. அக்கா தங்கைகள் படிக்கத் தேவையில்லை.

தவக்காலம் வந்தால் கடவுளோடு சமாதானமாகிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். நல்லதுதான், செலவில்லாமலே முடித்துவிடலாம். சாம்பல் புதனன்று முதல் ஷிஃப்டுக்கு முன்பே கோயிலுக்குப் போய்விடுங்கள். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பலால் ஃபாதர் நெற்றியில் சிலுவை போடுவார். நோன்பிருப்பவன் முகம் கழுவிக்கொள்ளட்டும், ஊருக்குக் காட்டவேண்டாம் என்ற மத்தேயு நற்செய்திப் பகுதியைச் சற்று முன்புதான் வாசித்திருப்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். ஹெல்மெட் போட்டால் சாம்பல் அழிந்துவிடும். டேங்க் மேலேயே இருக்கட்டும். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி "என்னண்ணா நெத்தியில?" என்று கேட்டதும் தலையைக் குனியுங்கள். தாழ்மை நாலு பேர் கண்ணில் படாவிட்டால் என்ன பிரயோஜனம்?

அடுத்தது பாவசங்கீர்த்தனம். வருடத்துக்கு ஒருமுறையாவது செய்தாக வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் சட்டம் போட்டது. ஒருமுறை போதும், அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம். அதற்குமுன் ஆத்தும சோதனை. நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்லாம் சிப்காட் பழக்கம். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் ஐந்து தடவை 'ஏன்' கேட்டு மூலக் காரணம் எழுத வைத்தே பழக்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தங்கச்சியோடு பேச்சு இல்லை. ஏன்? அவள் சண்டை போட்டாள். அதோடு நிறுத்துங்கள். இரண்டாவது 'ஏன்' கேட்டால், அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு சப்-ரிஜிஸ்தர் ஆபீசில் அவளிடம் கையெழுத்து வாங்கிய விடுதலைப் பத்திரம் வெளியே வந்துவிடும். ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தோமே என்றால் எடுபடாது. உயில் இல்லாவிட்டால் கிறிஸ்தவ அப்பாவின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்கிறது 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். அன்றைக்கு ராகி விதைத்த மானாவாரிக் காட்டுக்கு இன்றைக்குக் கம்பெனிக்காரர்கள் சதுர அடிக் கணக்கில் விலை கேட்கிறார்கள். இந்த நேரத்தில் மூலக் காரணம் எதற்கு?

ஆகவே ஃபாதரிடம் "கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன்" என்று பொதுவாகச் சொல்லுங்கள். குரல் லேசாகக் கம்மட்டும். வீட்டுக்காரம்மா செய்த தப்புகளையும் சேர்த்துக்கொண்டால் நேரம் போய்விடும். லூக்கா 19இல் வரும் சகேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், ஏமாற்றியதற்கு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று விருந்தாளி முன்னால் உளறிவிட்டார். ஆயக்காரர், அவருக்குக் கட்டுபடியாகும். பிள்ளைகளுக்கு அவர் மரமேறிய பகுதியை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

பரிகாரமாக மூன்று 'அருள்நிறை மரியே' என்றால் தப்பித்தீர்கள். "சரிப்பா, தங்கச்சிக்கு என்ன செய்யப்போறே?" என்று கேட்கும் ஃபாதர் வாய்த்துவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். அடுத்த வருடம் தர்மபுரி மறைமாவட்டத்தையே தாண்டி, கர்நாடகத்தில் மாலூர்ப் பக்கம் போய்விடுங்கள். கன்னடத்தில் பூசை வைக்கும் ஒருவரிடம் தமிழில் கடகடவென்று பத்திரம், புடவை, சர்வே நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்: எல்லைக்கு அந்தப் பக்கமும் தமிழ் நன்றாகத் தெரிந்த ஃபாதர்கள் இருக்கிறார்கள்.