புலிக்கண்ணுக்குப் பல்பு மாற்றுவது எப்படி?

நேற்று சாயங்காலம் அடையாறு சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, “சார், லெப்ட் கண்ணு எரியல” என்றார். நன்றி சொன்னேன். பச்சை விழுவதற்குள் ஸ்கூட்டரில் ஒருவர், பின்னால் மனைவி, முன்னால் பிள்ளையின் புத்தகப்பை, அத்தனையையும் இரண்டு காலால் தாங்கிக்கொண்டு, ஒரு கையை மட்டும் விடுவித்து விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டினார். அவருக்கும் நன்றி. மத்திய கைலாஷ் வருவதற்குள் ஒரு கல்லூரிப் பையன், ஒரு தண்ணி லாரி கிளீனர், பிளாட்பாரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா. அதற்குமேல் என்னிடம் நன்றி ஸ்டாக் இல்லை.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு எந்தக் கண் என்று சொல்ல வேண்டியதில்லை. வைத்திராத பாக்கியசாலிகளுக்காக: ஹெட்லைட்டுக்கு மேலே, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு குட்டி விளக்குகள். புத்தகத்தில் பைலட் லாம்ப். ஊர் வைத்த பெயர் டைகர் லைட், புலிக்கண். ஒவ்வொன்றும் 4 வாட். இரண்டும் சேர்ந்து 8 வாட். அந்த வெளிச்சத்தில் ரோடு தெரியாது, பள்ளம் தெரியாது, குறுக்கே படுத்திருக்கும் மாடு தெரியாது. இரண்டில் எது எரியவில்லை என்பது மட்டும் ஒரு பர்லாங் தூரத்திலிருந்தே ஊருக்கெல்லாம் தெரியும்.

இவை எதற்கு என்று கேட்டால், பதில் இங்கிலாந்தில் இருக்கிறது. 1950களில் ரெட்டிச் ஊரில் ராயல் என்ஃபீல்டுக்காரர்கள் இந்த முகத்தைச் செய்தபோது, இருட்டுத் தெருவோரம் ராத்திரி நிறுத்திய வண்டியில் விளக்கு எரிய வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. ஹெட்லைட்டை எரியவிட்டால் விடிவதற்குள் பாட்டரி தீர்ந்துவிடும். அதற்காக வைத்த சின்ன விளக்கு. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்ததும் முகம் அப்படியே இங்கே வந்து சேர்ந்தது. 1967-இல் ரெட்டிச் ஆலையையே மூடிவிட்டார்கள். இந்த இரண்டு கண்ணை மூட மட்டும் இங்கே யாருக்கும் மனசு வரவில்லை. திருவல்லிக்கேணியில் ராத்திரி முழுக்க விளக்கை எரியவிட்டு வண்டியைத் தெருவில் நிறுத்திப் பாருங்கள். காலையில் பாட்டரி இருக்கிறதா என்று பார்க்க வண்டி இருக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. 2017 ஏப்ரலிலிருந்து புதிதாக வரும் டூவீலர்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சுவிட்சே கிடையாது. அதற்கு முன்பு பட்டப்பகலில் எவன் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தாலும் எதிரே வருகிற அத்தனை பேரும் விரலை மூடித் திறந்து சமூக சேவை செய்வார்கள். சட்டம் வந்ததும் அவ்வளவு கைகளுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. சும்மா இருக்குமா கை? எல்லாம் சேர்ந்து என் இடது கண்ணுக்கு வந்துவிட்டன.

போகட்டும். பல்பை மாற்றும் முறையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். (பல்பு வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் என் மகள் சிரித்தாள். அந்தச் சிலேடைக்கு இனி யாரும் சிரிக்கக் கூடாது என்று ஒரு அரசாணை போட்டால் நல்லது.) முதலில் வண்டியை வெளிச்சமான இடத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பாட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். திருப்புளியைக் கையில் எடுங்கள். இப்போது ஒரு பெரியவர் வருவார்.

வருவார் என்றால் வந்தே தீருவார். கையில் பால் பாக்கெட்டோ நாய்ச் சங்கிலியோ இருக்கும். “புல்லட்டா?” என்பார். டாங்கில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. “ஆமா சார்.” “பழைய மாடலோ?” கியர் வலது காலில் இருக்கிறது, பிரேக் இடது காலில் இருக்கிறது, கீழே தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறது. “ஆமா சார்.” டாங்கை ஒருமுறை தடவுவார். தூரத்தில் எங்கேயோ பார்ப்பார். பிறகு அந்த வாக்கியம் வரும்: “எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு.”

இதை நான் கேட்காத ஊர் இல்லை. திண்டிவனம் டீக்கடையில் கேட்டிருக்கிறேன். கும்பகோணத்தில் கல்யாண மண்டப வாசலில், கையில் தாம்பூலப் பையோடு கேட்டிருக்கிறேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போது, ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துவிட்டு அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது “ஆமா சார்” என்றுகூடச் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் புல்லட் வைத்திருந்ததாகச் சொல்பவர்களையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டால், திருவொற்றியூர் ஆலை மூன்று ஷிப்டும் தீபாவளி பொங்கல் லீவு இல்லாமல் ஓடியிருந்தாலும் அத்தனை வண்டி செய்திருக்க முடியாது.

எல்லோருடைய வண்டியும் கறுப்பு. எல்லோரும் அதில் கொடைக்கானல் போயிருக்கிறார்கள். வழியில் ஒரு மக்கர் கிடையாது, பஞ்சர் கிடையாது, பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு முதுகு வலி கிடையாது. எல்லோரும் அதை விற்றுமிருக்கிறார்கள். ஆனால் விற்ற குற்றம் ஒருபோதும் அவர்களுடையது இல்லை. தங்கை கல்யாணம், இல்லாவிட்டால் ராய்ப்பூருக்கு டிரான்ஸ்பர், இல்லாவிட்டால் “வீட்ல சொன்னாங்க.” விலையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். “பன்னண்டாயிரத்துக்குக் கொடுத்தேன் சார். இன்னிக்கு என்ன வெல தெரியுமா?” தெரியும். கொடுத்து வாங்கியவன் நான்தான்.

இதில் ஒரு கிளை ஜாதி உண்டு. அவர்களிடம் இருந்ததில்லை, அவர்கள் சித்தப்பாவிடம் இருந்தது. சித்தப்பா போலீசில் இருந்தார், அல்லது மின்வாரியத்தில் இருந்தார். வண்டி மூன்று தெரு தள்ளி வரும்போதே சத்தத்தை வைத்துப் பாட்டி உலை வைத்துவிடுவாள். இந்தப் பாட்டி இல்லாத புல்லட் குடும்பமே கிடையாது. அந்தக் காலத்து வீடுகளில் உலை வைக்க நேரம் பார்ப்பதற்கு வேறு ஏற்பாடே இருந்ததில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்து பெரியவர் மைலேஜ் கேட்பார். எந்த எண்ணைச் சொன்னாலும் “எனக்கு அதுக்கு மேல குடுத்துச்சு” என்பார். அடுத்து, “ஒரே ஒரு உதை உதைச்சுப் பாக்கட்டுமா?” எழுபது வயசு. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குட்டி லீவரை அமுக்கி, கிக்கரை மெதுவாக இறக்கி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் என்று குனிந்து காத்திருப்பார். முள் அசையாது. பாட்டரி ஒயரைத்தான் கழற்றி வைத்திருக்கிறோமே. நிமிர்ந்து, டாக்டர் முகத்தோடு தீர்ப்புச் சொல்வார்: “பாட்டரி போயிடுச்சு தம்பி. மாத்திருங்க.” தெருவில் போகிற இன்னும் இரண்டு பேர் நின்று ஆமோதிப்பார்கள். அவர்களிடமும் ஒவ்வொன்று இருந்திருக்கும்.

சரி, பல்பு. பத்துக்கு எட்டுத் தடவை பழுது பல்பில் இருக்காது. வெளியே எடுத்தால், சுண்டுவிரல் நுனி அளவுக் கண்ணாடி, உள்ளே மயிரிழைக் கம்பி முழுசாகத்தான் இருக்கும். அடியில் இருக்கும் ஈயப் பொட்டு மட்டும் கறுத்துப் பள்ளம் விழுந்திருக்கும். ஒற்றை சிலிண்டர் உதறுகிற உதறலில் அது ஹோல்டரின் தகட்டோடு உரசி உரசி வந்த பள்ளம். ஹோல்டருக்குள் எட்டிப் பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அலுமினியம் மழைத்தண்ணீர் குடித்து வளர்த்த பொடி. பல்புக்கு எர்த் அந்த உடம்பு வழியாகத்தான் போக வேண்டும், பொடி போகவிடாது. உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தால் முக்கால்வாசி வழக்கு முடிந்துவிடும்.

மிச்சக் கால்வாசிக்குக் கடைக்குப் போக வேண்டும். அண்ணா சாலையை ஒட்டி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. வண்டிச் சாமான் கடைகள் தோளோடு தோள் நிற்கும். “டைகர் லைட் பல்பு” என்றால், “என்ன மாடல்?”, “ஆறா, பன்னெண்டா?”, “பழசு கொண்டாந்தீங்களா?” என்று வரிசையாக வரும். ஆறு என்றால் ஆறு வோல்ட், அந்தக் காலத்து வண்டிக்கு. ஆறு வோல்ட் பல்பைப் பன்னிரண்டு வோல்ட் வண்டியில் மாட்டினால் அரை நொடிக்கு மட்டும் அபாரமாக எரியும். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, “அதெல்லாம் இப்ப யார் சார் போடறாங்க? எல்.இ.டி. போட்டுக்கிட்டுப் போங்க” என்பார்.

எல்.இ.டி. குறைந்த கரண்டில் எரியும், உதறலுக்கு அசையாது, பல வருஷம் வரும். எல்லாம் உண்மை. மாட்டினால் வண்டியின் முகம் செல்போன் ரிப்பேர் கடை போல ஆகிவிடும். அந்த ஊதா வெள்ளையை மஞ்சள் ஹெட்லைட்டின் பக்கத்தில் என்னால் பார்க்க முடியாது. இது என் பிடிவாதம்தான், விவாதிக்க வேண்டாம்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம் வேறு. போன வாரம் ஒரு துணிக்கடைக் கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்தும்போது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். பிரேக்கை மிதிக்கிறேன், பின்னால் வெளிச்சம் கூடவில்லை. பின் விளக்குப் பல்புக்குள் இரண்டு கம்பி: சும்மா எரிய 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். 5 வாட் எரிகிறது, 21 வாட் அறுந்து கிடக்கிறது. எத்தனை நாளாக, கடவுளுக்கே வெளிச்சம். பின்னால் மாநகரப் பேருந்து வந்திருக்கிறது, தண்ணி லாரி வந்திருக்கிறது, நான் திடீரென்று நின்றிருக்கிறேன். உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரே விளக்கு அதுதான். ஒரு மனிதர், ஒரே ஒரு மனிதர் சொல்லவில்லை. எதற்கும் உதவாத 4 வாட்டுக்கு மட்டும் ஊரே கூடி விரலை மடக்குகிறது.

ஆகவே, என் பின்னால் வரும் அன்பர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். நான் பிரேக் பிடிக்கும்போது சிவப்பு எரியவில்லை என்றால் தயவுசெய்து சொல்லுங்கள். ஹாரன் அடித்துச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் புல்லட் சத்தத்தில் எனக்குக் காது கேட்காது.