இஞ்ச் டேப் அண்ணா

அடுத்தவர் வண்டியின் பானெட்டைத் திறக்கச் சொல்வதில் இவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. கல்யாண மண்டபத்து வாசலில் பழைய மாருதி பெலினோ ஒன்று நின்றால் போதும், பந்தியில் உட்கார்ந்திருக்கும் அதன் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, "ஏனுங்க, ஒரு நிமிஷம் பானெட்டைத் தூக்க முடியுங்களா?" என்பார். வண்டியில் புகை கிகை வந்துவிட்டதோ என்று அந்த மனிதர் பாதி இலையில் எழுந்து ஓடி வருவார். புகை ஒன்றும் இல்லை. அண்ணா பேன்ட் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டிருப்பார்.

டேப் என்றால் தையல்காரர் கழுத்தில் தொங்குகிற சமாசாரம் அல்ல. விட்டால் சர்ரென்று உள்ளே ஓடி விரலைக் கடிக்கிற ஸ்டீல் டேப். ஃபேன் பெல்ட் புல்லியிலிருந்து கிளட்ச் ஹவுசிங் வரை எவ்வளவு, ஆயில் சம்ப்பின் ஆழம் எவ்வளவு, எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து, கையில் கிடைத்த காகிதத்தில் குறித்துக்கொள்வார். ஒரு முறை கையில் கிடைத்தது மொய்க் கவர். 501 ரூபாயுடன் அது மேடைக்கும் போய்விட்டது. பின்பக்கத்தில் 'எட்டு இஞ்ச், பத்தாது' என்று எழுதியிருந்ததைப் படித்த பெண் வீட்டார், எது பத்தாது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

அண்ணாவிடம் இருப்பது மாருதி ஜிப்சி கிங் ஜீப். 1298 சிசி, பதினாறு வால்வு, 80 குதிரைத்திறன். குறை ஒன்றே ஒன்று: "ஏத்தத்துல இழுவை பத்தலைங்க." முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. அந்த எஞ்சினின் உச்ச டார்க் 103 நியூட்டன் மீட்டர். அதுவும் 4500 ஆர்பிஎம்மில்தான் வரும். பாறை மேல் ஊர்ந்து ஏறும்போது எஞ்சினை அவ்வளவு அலறவிட முடியாது. ஆயிரத்துச் சொச்சத்தில் ஏற்றப் பார்த்தால் முக்கி முனகி அணைந்துவிடும். ஆகவே பெரிய எஞ்சின் போட வேண்டும். எந்த எஞ்சின் என்பதில்தான் கோவையில் பல பேருடைய ஞாயிற்றுக்கிழமை காலைகள் தொலைந்துகொண்டிருக்கின்றன.

முதலில் பெலினோ சீசன். 1590 சிசி பெட்ரோல் எஞ்சின், ஜிப்சி எஞ்சினின் பெரிய பங்காளி. கியர்பாக்ஸோடு அதிக வம்பில்லாமல் சேரும். ஆனால் காரில் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்ததை ஜிப்சியில் நெடுக்குவாட்டில் உட்காரவைக்க வேண்டும் என்பதால் சம்ப், இன்டேக், மவுண்டிங் எல்லாம் மாறும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் யாரோ "டீசல்தாண்ணா டார்க்கு" என்று சொல்லிவிட்டார்கள். டீசல் சீசன் ஆரம்பித்தது.

ஸ்விஃப்ட் டீசலின் எஞ்சின் 1248 சிசி. கணக்குப் பார்த்தால் ஜிப்சியின் சொந்த எஞ்சினைவிட 50 சிசி சின்னது. ஆனால் 190 நியூட்டன் மீட்டர் டார்க்கை 2000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். பாறைக்கு அது வரம்தான். 103-ஐத் தாங்கச் செய்த கியர்பாக்ஸும் முன் ஆக்சில் ஜாயின்ட்டும் 190-ஐ எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு விஷயம். இரண்டையும் இணைக்க அடாப்டர் பிளேட் கடைய வேண்டும், இன்டர்கூலருக்கு இடம் பார்க்க வேண்டும், ஈசியூ வயரிங்கை முழுசாகப் பெயர்த்துக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் அளந்து முடித்த பிறகு அண்ணா சொன்னார்: "வயரிங்னா எனக்குக் கொஞ்சம் பயமுங்க."

குவாலிஸ் சீசன் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2446 சிசி இரும்புப் பாறையை ஜிப்சியின் மூக்கில் வைத்தால் முன் லீஃப் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

எதிர்ப்பேச்சு பேசுகிறவர்களுக்கென்று ஒரு சரித்திரப் பாடம் வைத்திருக்கிறார். 1970-இல் சுசுகிக்காரன் இந்த வம்சத்தைத் தொடங்கியபோது 359 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். 1985-இல் ஜிப்சியாக இந்தியாவுக்கு வந்தபோது 970. 1996-இல் 1298. 2023-இல் ஜிம்னி என்று வந்து நிற்கும்போது 1462. "கம்பெனிக்காரனே மாத்திக்கிட்டேதானுங்க வர்றான், நான் மாத்தினா மட்டும் தப்புங்களா?" அவன் ஐம்பத்து மூன்று வருஷம் எடுத்துக்கொண்டான், கூடவே கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக் என்று அத்தனையையும் மாற்றினான் என்று சொன்னால் அண்ணாவின் காதில் ஏறாது. ஜிம்னி வந்த புதிதில் ஷோரூமுக்கே போய்விட்டார். விற்பனைப் பையன் காபி கொடுத்து, ஏசி போட்டு, பானெட்டைத் திறந்துகாட்டி, லோன் கணக்கெல்லாம் சொல்லி முடித்தான். அண்ணா டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "ஏனுங் தம்பி, இந்த எஞ்சின் மட்டும் தனியாக் கெடைக்குங்களா?"

வைத்தியம் என்னவோ கணபதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குக் கண்ணால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜிப்சியோடு வந்த டயர் 205/70 ஆர் 15, விட்டம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர். அண்ணா மாட்டியிருப்பது 31 இஞ்ச், அதாவது 787 மில்லிமீட்டர். டயர் சுமார் 18 சதவீதம் பெருத்ததில், ஒவ்வொரு கியரிலும் இழுவை சுமார் 15 சதவீதம் இளைத்துப்போனது. எஞ்சின் மேல் குற்றமே இல்லை. பழைய டயருக்கே போகலாம். மனசு வராவிட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் பல்சக்கரங்களை மாற்றலாம். ஜிப்சியின் லோ ரேஷியோ சுமார் 2.27. இதே வண்டியை சாமுராய் என்ற பெயரில் ஓட்டும் அமெரிக்காக்காரர்கள் அதை நாலுக்கு மேல் ஏற்றிக்கொண்டுதான் பாறைக்குப் போகிறார்கள். வேகம் போகும், ஆனால் அதே 80 குதிரை சுவரில்கூட ஏறும். மெக்கானிக் இதைச் சாக்பீஸால் தரையில் எழுதியே காட்டினார். அண்ணா குனிந்து பார்த்தார், தலையாட்டினார். "கணக்கு சரிதானுங்க. ஆனா டயரு சின்னதாப்போனா வண்டி பாக்கறதுக்கு நல்லாருக்காதுங்களே."

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் யோசனைக்கு அவர் பதிலே சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் இருப்பதைப் பானெட்டைத் திறந்து நாலு பேருக்குக் காட்ட முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

கொழுக்குமலைக்குப் போயிருந்தபோது, விடிகாலை இருட்டில், சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் அவசரப்பட்டுக்கொண்டிருக்க, சூரியநெல்லி ஜீப் டிரைவர் ஒருவரிடமும் பானெட்டைத் திறக்கச் சொன்னார். மலை ஏறி இறங்கியே தேய்ந்த பழைய மகிந்திரா அது. "இழுவை எப்படிங்க?" என்று கேட்டார். அந்த டிரைவர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட்டைப் போட்டா ஏறிரும்ணே" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மனிதர் நன்றாக ஓட்டுவார். ஒரு மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றில் புதுத் தார் ஜீப் ஒன்று, ஒன்றரை டன்னுக்கு மேல் கனம், அச்சு வரை புதைந்து நின்றது. ஏறக்குறைய ஒரு டன்தான் இருக்கும் அண்ணாவின் ஜிப்சி பக்கத்தில் மேலாகவே தத்தித் தத்திக் கடந்துபோய், திரும்பி வந்து கயிறும் போட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். தார்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அண்ணா முகத்தில் அப்போது இருந்த வெட்கத்தைப் பார்த்தால் யாருக்கும் அவர் மேல் கோபம் வராது. "எடை கம்மிங்க, அதான்" என்று உண்மையான காரணத்தை அவரே சொன்னார். சொல்லிவிட்டு, நன்றி சொன்ன கை விலகுவதற்குள், தாரின் பானெட்டைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

சட்டம் என்று ஒன்று இருப்பதை எடுத்துச் சொன்னவர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் சிசியும் எரிபொருளும் எழுதியிருக்கின்றன. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் முதலில் அதைத்தான் புரட்டுவான். அண்ணா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது கேரளாக் கேசுங்க." வழக்கு கேரளாவிலிருந்து போனது என்னவோ உண்மை. தீர்ப்பு வாளையாறோடு நின்றுவிடும் என்பது அவருடைய சொந்தச் சட்டம்.

சிரிப்பு இதோடு சரி. பெட்ரோலோ டீசலோ, இத்தனை வருஷத்தில் அந்த டேப் ஒரு பிரேக் டிரம் பக்கம் போனதாக யாரும் பார்த்ததில்லை. ஒரு டன் வண்டியை 80 குதிரையில் ஓடும்போது நிறுத்தச் செய்த பிரேக் அது. வீட்டுப் பெண்களைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு குன்னூர் இறக்கத்தில் இறங்கப்போவதும் அதே பிரேக்கை நம்பித்தான்.

உக்கடத்துப் பழைய பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவர் அண்ணாவிடம் அட்வான்ஸ் வாங்கிய பாவத்துக்கு ஒரு பெலினோ எஞ்சினை யாருக்கும் விற்காமல் வைத்திருக்கிறார். கடையில் வழியை மறித்துக் கிடக்கிறது. பட்டறையிலும் இதே கதைதான். சனிக்கிழமை எஞ்சின் இறக்குவதென்று தேதி குறித்தாகிவிட்டது. மெக்கானிக் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்தார், கூடுதலாக இரண்டு பையன்களை வரச் சொன்னார், அன்றைக்கு வந்த சர்வீஸ் வண்டிகளைத் திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினார். பத்து மணிக்கு அண்ணாவிடமிருந்து போன் வந்தது: "அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க, ரேடியேட்டர் கேப்புல ஒரு சின்ன சந்தேகம்." பையன்கள் இரண்டு பேரும் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய அன்றைய கூலியை மெக்கானிக்தான் கைக்காசிலிருந்து கொடுத்தார். அதைப் பற்றி அண்ணா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.