கட்டைவிரலுக்கு முப்பது

பவர் பிரஸ்ஸில் கை நசுங்கினால் ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓடிவருபவர் சூப்பர்வைசர். "தம்பி, ஆஸ்பத்திரியில கேட்டா வீட்டுக் கதவிடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. செலவ முதலாளி பாத்துக்குவாரு." அம்பத்தூர்ப் பக்கத்து வாடகை வீடுகளின் கதவுகள் எலும்பையே வெட்டும் போலிருக்கிறது.

இந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ திட்டப்படி, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் வசூலாகிறது. வேலையில் காயம்பட்டால் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்குக் கிடையாது. படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும்.

ஆனால் விபத்து அறிக்கை போனால் பின்னாலேயே இன்ஸ்பெக்டர் வருவார். பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பு எங்கே என்பார். வேகம் குறைகிறதென்று அதைக் கழற்றி மூலையில் சாத்திவைத்தது மேற்படி சூப்பர்வைசர்தான். சில இடங்களில் காலையில் விரல் போகும், மாலையில்தான் அந்த ஆளுக்கு இஎஸ்ஐ நம்பர் பிறக்கும்.

போன விரலுக்குச் சட்டத்தின் அட்டவணையில் விலைப்பட்டியலே உண்டு. சம்பாதிக்கும் திறனில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தலா 7. துரோணர் இதைப் படித்துவிட்டுத்தான் ஏகலைவனிடம் போயிருக்க வேண்டும். அவன் குருகுலத்தில் சேராத ஆள் வேறு, காண்டிராக்ட் கணக்கு.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்புகிறவனை கேட்டிலேயே நிறுத்துகிறது வருகைப் பதிவு மிஷின். ரேகைக்கு அது கேட்பது பிரஸ்ஸில் போன அந்தச் சுட்டுவிரலைத்தான்.