அயல்மேசை மணி: ஓர் ஆராய்ச்சி

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் 1990-இல் தோன்றிய டெக்னோபார்க்கின் அலுவலகங்களில், உரியவர் சாயாவுக்கும் பழம்பொரிக்கும் எழுந்துபோன வேளையில் அவருடைய மேசைத் தொலைபேசி அலறுமாயின், அதனை எடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்னும் வினாவைக் குறித்து, இதுகாறும் எந்தப் பண்டிதரும் ஒரு கண்டன நூலோ, அக்கண்டனத்துக்கு ஒரு மறு கண்டனமோ வெளியிடாமை ஆச்சரியத்துக்குரியது.

எடுப்போர் இருவகையர். எழுந்து சென்று எடுப்பவர் முதல் வகை. அவரிடம் ஆராய ஒன்றுமில்லை. இருந்த ஆசனத்திலிருந்தே எடுப்பவர் இரண்டாம் வகை. அவர் செய்வதே ‘கால் பிக்கப்’.

இணையத் தொலைபேசியில் இது நிகழும் விதத்தில் மதபேதம் உண்டு. 2004-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3891 என்னும் இணைய நெறிமுறை ஏட்டின் வழி நிற்போர் கொள்கைப்படி, ஒலிக்கும் அழைப்பின் அடையாளக் குறிகளைப் பெற்ற அயலார், அழைத்தவருடைய கருவிக்கே ‘ரீப்ளேசஸ்’ என்னும் வரி தாங்கிய புதிய இன்வைட் என்னும் அழைப்புச் செய்தி ஒன்றை விடுப்பர். அக்கருவி அதனை ஏற்று, முந்தைய மேசைக்குக் கேன்சல் என்னும் ரத்துச் செய்தி அனுப்பி மணியை அடக்கும். இதற்குள் உரியவர் ஓடிவந்து எடுத்துவிட்டால், அயலார் பேச்சைப் பறித்துக்கொள்ளாதபடி ‘எர்லி ஒன்லி’ என்றொரு விதியும் உண்டு. அயலாருக்குக் கிட்டுவது, ‘பிஸி’ எனப் பொருள்படும் 486 என்னும் எண்ணே. ஆஸ்டரிஸ்க் என்னும் மென்பொருள் மதத்தினருக்கோ இத்தனை சிரமமில்லை. நட்சத்திரக் குறியையும் 8-ஐயும் அழுத்தினால், தம் குழுவில் ஒலிக்கும் அழைப்பை நடுவிலுள்ள சர்வரே கொண்டுவந்து சேர்க்கும்.

இக்குழுக்களின் எண்கள் 0 முதல் 63 வரை. ஆகவே குழுக்கள் அறுபத்துநான்கு. ஆய கலைகளும் அறுபத்துநான்கு! 64 பிட் கொண்ட ஓர் எண்ணில் குழுவுக்கொரு பிட்டாக ஒதுக்கியதன் விளைவே இது என்று பொறியாளர் கூறுவர். பொறியாளர்க்கு இலக்கியப் பயிற்சி போதாது. நட்சத்திரம் சோதிடத்தையும், எட்டு எட்டுத்தொகையையும் சுட்டுவதால், இக்கலை கடல்கொண்ட குமரி நாட்டில் வழங்கியதென்பது தெள்ளிதின் விளங்கும். ஞானசம்பந்தரின் காலத்தைச் சான்றுகளைச் சலித்துச் சலித்து வரையறுக்க முயன்ற பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர். சான்றில்லாமலே காலம் கணிக்கும் நவீன சௌகரியம், பாவம், அவருக்கு வாய்க்கவில்லை.

இனி, அயல்மணியை எடுத்தல் கடமையா என்பதற்குச் சாசனச் சான்று ஒன்றே உளது. அஃது ஓர் அலுவலகத்துச் சர்வர் அறை அலமாரியின் உட்கதவில், பச்சை மையில், மேற்பாதி மலையாள எழுத்திலும் கீழ்ப்பாதி தமிழெழுத்திலும் வரையப்பெற்று, இறுதிச் சொல்லின்மீது சாயாக்கறை படிந்து, செலோடேப்பால் ரட்சிக்கப்பட்டு வரும் துண்டுக் காகிதம். ‘மணி அடித்தால் எடுக்க’ என்பது ஒரு சாரார் பாடம். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நோக்கிய பிறிதொரு சாரார், கறையினடியில் ‘ற்க’ மறைந்துள்ளமையால் ‘எடுக்கற்க’ என்பதே மூலபாடம் என்பர். பணியாளர் பெரும்பாலோர் பின்னைய பாடத்தையே அனுஷ்டித்து வருகின்றனர்.