சடக்கென்றால் சரியா?

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்கியதும் இடுப்பு பிடித்துக்கொண்டால், திருச்சியில் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? சலூன்காரர் கழுத்தைத் திருகி 'சடக்' என்றதும், விலகிய எலும்பு வீடு திரும்பிவிட்டதாக ஒரு நிம்மதி. சத்தம் மூட்டுத் திரவத்திலுள்ள வாயுவினுடையது; எலும்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. (அபூர்வமாகக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமும் வரும், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.)

1895-இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பால்மர், முதுகெலும்பைச் சரிசெய்து ஒருவரின் செவிட்டுத்தன்மையைப் போக்கினேன் என்றுதான் கைரோபிராக்டிக் என்ற எலும்புத் திருகு வைத்தியத்தைத் தொடங்கினார். பிறகு அதற்குக் கல்லூரியும் கட்டினார். நம்மூரிலோ, கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் ஓர் உதை விட்டால் சுளுக்கு போய்விடும். படிப்புச் செலவு மிச்சம்.

இன்னொரு வைத்தியம், நாள்கணக்கில் படுக்கை. சாதாரண முதுகுவலிக்கு நடமாட்டமே நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். படுத்தே கிடக்க ஸ்ரீரங்கத்தில் ஒருவருக்குத்தான் உரிமை. அவருடைய மெத்தையே முழுக்க முதுகெலும்பு.