வாங்காத சம்மன்

கேள்வி: சிவில் கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வருகிறதாம். “வாங்கினால்தானே வழக்கு, கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்” என்கிறார் என் மைத்துனர். சரிதானா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: கதவைப் பூட்டினால் கோர்ட் ஊழியரான அமீனா சம்மனை அந்தக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போவார். தெருவே படித்திருக்கும், நீங்கள் ஒருவர்தான் படித்திருக்க மாட்டீர்கள்! வாங்க மறுத்தாலும் சார்பு செய்யப்பட்டதாகவே, அதாவது உங்களிடம் சேர்ந்ததாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

சம்மனைக் கண்டு ஏன் பயம்? கைது செய்யச் சொல்வது வாரண்ட். சம்மன், உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வரும்படி விடுக்கும் அழைப்பு. வக்கீலைப் பார்த்து வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்காக அவர் ஆஜராக அதுதான் அதிகாரம். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை, அதாவது எழுத்துப்பூர்வமான பதில், தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாள் வரை அனுமதிக்கலாம்.

போகவே இல்லையென்றால்? எக்ஸ்பார்ட்டி! நீங்கள் இல்லாமலேயே, எதிராளி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிடும். இப்படி நிலமோ வீடோகூடக் கைவிட்டுப் போகலாம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி, அது வந்த 30 நாளுக்குள் மனுப் போடலாம். ஆனால் வராததற்குப் போதிய காரணம் காட்ட வேண்டும். ‘மைத்துனர் சொன்னார்’ என்பது அதில் சேராது.

வக்கீலுக்குப் பணமில்லையா? 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.