யானைக்கு ரோமம் வைத்த ஊர்

மாமூத் எனப்படும் கம்பளி யானைகள் பூமியிலிருந்து அடியோடு மறைந்து ஏறக்குறைய 4,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் 1952-ல் அவை சேலத்துப் படக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தன.

மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரமும் அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸும் கூட்டுச் சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ படத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது. தமிழில் ‘காடு’. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் என்று ஹாலிவுட்காரர்கள் நடித்தார்கள். காட்டு யானைகள் ஏன் மிரண்டு ஊருக்குள் ஓடி வருகின்றன என்று தேடிப் போகிறது ஒரு கூட்டம். மாமூத்துக்குப் பயந்து ஓடி வருகின்றன என்பது விடை. கம்ப்யூட்டர் வித்தைகள் இல்லாத காலம். நம்மூர் யானைக்கே ரோமப் போர்வையை மாட்டிவிட்டார்கள். சுந்தரம் லீட்ஸில் நெசவுத் தொழில் படித்தவர். அந்தப் படிப்பு ஒரு நாள் யானைக்கு உதவும் என்று அங்கிருந்த பேராசிரியர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கோவையில் விஞ்ஞானக் கதை எழுதப் படாதபாடு படும் எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். தன் தொழிலுக்கு இந்தப் படம்தான் பாடப்புத்தகம் என்கிறார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் மனசாரத்தான் சொல்கிறார். இந்தியாவுக்கு வந்தே இராத ஜூல் வெர்ன், 1880-ல் நீராவியில் இயங்கும் இரும்பு யானை ஒன்றை வட இந்தியாவெங்கும் நாவலில் நடக்க விட்டார். எச்.ஜி. வெல்ஸ் 1895-ல் செய்த கால இயந்திரத்தில் உட்கார ஒரு சீட்டு, கிளப்ப ஒரு லீவர், நிறுத்த ஒரு லீவர், அவ்வளவுதான். பவர் டில்லரில்கூட இதைவிட அதிகம் உண்டு. ஆனால் சீட்டும் லீவரும் கண்ணுக்குத் தெரிவதால், எட்டு லட்சம் ஆண்டுகள் தாண்டிப் போனதையும் நம்பிவிடுகிறோம். யானை நிஜமாக இருந்தால் போதும், ரோமம் பொய்யாக இருக்கலாம் என்பது எழுத்தாளரின் கட்சி.

கோவையில் அவருக்குத் தொல்லையே அந்த ரோமம்தான். ‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த நாடகத்தை காரெல் சாபெக் அச்சில் கொண்டுவந்த அதே 1920-ல், கோவையை அடுத்த கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டிக்கொண்டிருந்தார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். 1955-ல் பி. சபாபதி வெட் கிரைண்டரைக் கொண்டுவந்தார். சாபெக்கின் ரோபோக்கள் மனிதர்களில் ஒரே ஒருவரை மட்டும் மிச்சம் வைத்தன. சபாபதியின் இயந்திரம் ஆட்டுக்கல்லை ஒழித்ததோடு நிறுத்திக்கொண்டது.

இப்படிப்பட்ட ஊரில் கற்பனையைப் பார்த்து யாரும் வாயைப் பிளப்பதில்லை. எழுத்தாளரின் முதல் வாசகர் ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர். சக்கரம்போல் சுழலும் விண்வெளி நிலையம் பற்றிய கதையைப் படித்துவிட்டு அவர் கேட்டார்:

“ஏனுங்க, இத்தனை டன்னு சுத்துது. பேரிங்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்களே?”

“ஆர்தர் கிளார்க் கதையிலயே நிலையம் இப்படித்தானுங்க சுத்துது.”

“அவருகிட்ட யாரும் ஆர்டர் குடுத்துக் கேக்கல போலிருக்குதுங்க.”

கதை திருத்தப்பட்டது. பேரிங் பற்றி இரண்டு பக்கம் சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், கதையில் நன்றாக வந்திருப்பவை அந்த இரண்டு பக்கங்கள்தான். நேரமில்லை என்று சாக்குச் சொல்லவும் அவருக்கு வழியில்லை. 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமாரும் இதே கோவைக்காரர்.

மனம் சோரும்போதெல்லாம் எழுத்தாளர் போட்டுப் பார்ப்பது 1963-ல் ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தது. நிலவில் மனிதன் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அந்தப் படத்தின் வேற்றுக் கிரகவாசிகள் விஞ்ஞானத்தில் எங்கேயோ போய்விட்டவர்கள். பாட்டும் நடனமும்தான் வரவில்லை. எனவே விண்கலத்தில் பூமிக்கு வந்து, கற்றுக்கொடுக்கச் சொல்லி பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள். வந்தவர்கள் தங்கத்தைக் கேட்கவில்லை, பாட்டு டீச்சரைக் கேட்டார்கள். கலைஞர்களுக்கு இதைவிட மரியாதை எந்த ஹாலிவுட் படத்தில் கிடைத்தது என்று எழுத்தாளர் உருகினார்.

லேத் பட்டறை நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்தம்மாவுக்குச் சம்பளம் எவ்வளவுங்க பேசுனாங்க?” என்றார்.

“சம்பளமெல்லாம் இல்லீங்க, கடத்திட்டுப் போறாங்க.”

“அட, கதை எழுதறவங்களுக்கு மட்டும்தான் அப்படின்னு நெனச்சேனுங்க.”